மாடிக்குப் போன பேச்சு

காட்டுப்பாக்கம் சர்ஃபராஸுக்கு ஒயர் என்றாலே இளக்காரம். பூந்தமல்லியில் ஒரு கல்யாண மண்டபத்துக்கு மைக்செட் வைப்பது அவன் பிழைப்பு. அங்கே நிக்காஹ் கீழே ஆண்கள் முன்னால் நடக்கும். பெண்கள் மாடியிலிருந்து ஸ்பீக்கரில் கேட்பார்கள். படிக்கட்டில் கிடந்த ஒயரைச் சுருட்டிப் போட்டுவிட்டு, கீழே தன் லினக்ஸ் லேப்டாப்பையும் மாடியில் மண்டபத்துப் பழைய விண்டோஸ் கம்ப்யூட்டரையும் வைஃபையில் இணைத்திருந்தான். வேறு வேறு பாஷை பேசுகிற இரண்டையும் பேசவைத்தவன் தான்தான் என்று டீக்கடைவரை சொல்லி வைத்திருந்தான்.

அன்று மணப்பெண்ணின் தாய் ஷாகிதா காலையிலேயே வந்து, ஒயரே போடச் சொன்னாள். மூத்த மகள் நிக்காஹில் வைஃபையில் ஓடிய மாடி ஸ்பீக்கர் செத்துப்போய், மருமகன் "கபூல்" என்று சம்மதம் சொன்னது அவள் காதில் விழவேயில்லை. இளையவளுக்கும் அப்படி ஆகிவிடக் கூடாது. சர்ஃபராஸ் சிரித்தே அனுப்பிவிட்டான்.

வைஃபை பாஸ்வேர்டை எழுதி வாசலில் ஒட்டியவனும் அவனே. தன் நெட்வொர்க்கின் வேகத்தை ஊர் பார்க்க வேண்டுமாம். வந்தவர்களெல்லாம் வீடியோ பார்க்க உட்கார, மாடிக்குப் போன சோதனைப் பேச்சு விக்கியது. உடனே ஒலியைக் கால் நிமிடம் தேக்கி அனுப்பும்படி மாற்றினான். விக்கல் நின்றது, பெருமைதான் நிற்கவில்லை. கீழே ஸ்பீக்கரை இன்னும் போடவில்லை. மைக்கை அணைக்காமலே மண்டப மேனேஜர் ஃபாரூக்கிடம் அளந்தான்.

"ஒயரு ஒயருன்னு உசுர வாங்குது மச்சான் அந்த மாமி. அதுக்கு இன்னா தெரியும்? பிரியாணி துன்ன வந்த கும்பலு மேல கீது, கேட்டா இன்னா, கேக்காட்டி இன்னா?"

ஃபாரூக் மைக்கைக் காட்டினான். சர்ஃபராஸ் சட்டென்று அணைத்துவிட்டு, மாடியைக் கவனித்தான். சத்தமில்லை. தப்பித்ததாகக் கண்ணடித்தான். அணைந்தது மைக்தான், சொன்ன பேச்சு வழியில் தேங்கிக் கிடந்தது. இதோ மாடி ஸ்பீக்கர், ஒரு சொல் சிந்தாமல் அதை ஒப்பித்தது. அவன் அமைப்பு அத்தனை சுத்தமாக வேலை செய்தது அன்றுதான்.

ஷாகிதா பாதிப் படிவரை இறங்கி வந்தாள். குரலை உயர்த்தவில்லை.

"நல்லாத்தான் கேக்குது தம்பி. இப்ப ஒயரப் போடு. மாப்பிள்ள சொல்லச் சொல்ல நான் கேக்கணும்."

நிக்காஹ் நடத்த வந்த ஹஜ்ரத்தும் மாப்பிள்ளையும் காத்திருக்க, சர்ஃபராஸ் ஒயரோடு மாடி ஏறினான். பெண்கள் ஒருத்திகூட நாற்காலியை நகர்த்தவில்லை. கால்களுக்கிடையே குனிந்து குனிந்து இழுத்துப்போய்ச் செருகினான்.

"கபூல்" தெளிவாகக் கேட்டது. ஷாகிதா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். சர்ஃபராஸோ, மண்டபத்து ரவுட்டர் மட்டம் என்று கேட்டவர், கேளாதவர் எல்லாரிடமும் சொல்லித் திரிகிறான்.