பின்படியில் ஏறிய வாசகர்

பேருந்தில் டிக்கெட் பரிசோதகராக இருந்த அந்த மனுஷருக்கு நடத்துநர்கள் வைத்த பெயர் பூதக்கண்ணாடி. நேரில் ‘சார்’, முதுகுக்குப் பின்னால் பூதக்கண்ணாடி. அவர் முன்படியில் ஏறியதே கிடையாது. டிக்கெட் வாங்காதவன் பின்படி ஓரமாகத்தான் ஒண்டிக்கொண்டிருப்பான் என்பது அவர் தீர்மானம். “எங்க ஏறினீங்க?” என்று கேட்பதற்கு முன்பே அந்த ஆள் எங்கே ஏறினான் என்று நடத்துநரிடம் விசாரித்து வைத்திருப்பார். பதில் பொருந்துகிறதா என்று பார்க்கத்தான் கேள்வி.

வேலையை வேலையோடு விட்டுத் தொலைத்தாரா? அதுதான் இல்லை. வீட்டிலும் பாலை முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் குடிப்பார். மனைவி தையற்கடையிலிருந்து வந்ததும், “இன்னைக்கு லேட்டாயிடுச்சோ?” என்பார். கடையை எப்போது சாத்தினார்கள் என்று முன்னமே தெரிந்துகொண்டுதான் கேட்பார். அவளும் எத்தனை காலம்தான் பதில் சொல்வாள்? ஒரே மகளும் கல்யாணமாகிப் போனபின் வீட்டில் பேச்சே குறைந்துவிட்டது.

அப்படிப்பட்டவள் ஒருநாள் அடுப்படியில் தனியாக நின்று சிரித்தாள். எட்டிப் பார்த்தால் கையில் ஒரு புத்தகம். மறுநாள் கண் கலங்கியிருந்தாள். கேட்டால், கதை என்றாள். கதையாம்! அச்சடித்த காகிதத்தைப் பார்த்து யாராவது அழுவார்களா? பழைய புத்தகக் கடையில் வாங்கியதாம். அந்தக் கடைக்காரன் தலைக்குச் சாயம் பூசுகிறவன் என்பது பூதக்கண்ணாடிக்கு உடனே ஞாபகம் வந்தது. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்.

அவள் இல்லாத நேரம் பார்த்துப் புத்தகத்தை எடுத்தார். வழக்கப்படி பின்படியில்தான் ஏறினார், அதாவது கடைசிப் பக்கத்தில். யாரோ ஒருத்தி ஒரு வீட்டைப் பூட்டிவிட்டுப் போகிறாள், அவ்வளவுதான். இதற்கா சிரிப்பு, இதற்கா கண்ணீர்? சந்தேகம் ஒன்றுக்கு இரண்டாயிற்று. மாலையில் அவள் ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தபோது, கடைக்காரனைப் பற்றி வாய்விட்டே கேட்டுவிட்டார்.

அவள் ஊசியைக் கீழே வைத்தாள். அழவில்லை, சண்டை போடவில்லை. அதுதான் அவருக்குப் பயமாக இருந்தது.

மறுநாள் அவர் முன்னால் வேறொரு புத்தகத்தை வைத்தாள். கடைசிப் பக்கங்களைச் சேர்த்துப் பிடித்து ஓரத்தில் ஓட்டுத்தையல் போட்டிருந்தாள்.

“முதல் பக்கத்துலேர்ந்து படிங்க. தையலைப் பிரிக்கக் கூடாது. அதுவரைக்கும் படிச்சப்புறமும் உங்க சந்தேகம் தீரலைன்னா சொல்லுங்க. நான் மக வீட்டுக்குப் போயிடறேன். திரும்பி வரமாட்டேன்.”

மனுஷர் தலையாட்டிவிட்டுப் புத்தகத்தைக் கையில் எடுத்தார். ஆனாலும் அவள் அந்தப் பக்கம் போனதும் தையல் பகுதியை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தாரே! உள்ளே எதையோ ஒளித்திருக்கிறாள் என்று மனம் அரித்தது. பிரித்தால் சந்தேகம் தீரவில்லை என்றுதான் அர்த்தம், அவள் போய்விடுவாள். வேறு வழியில்லாமல் முதல் பக்கத்தைத் திறந்தார்.

ஒரு படகோட்டியிடம் யாரோ ஒரு வழிப்போக்கன் பூட்டிய பெட்டியைக் கொடுத்துவிட்டுப் போகிறான். திரும்பி வரவே இல்லை. பூதக்கண்ணாடி முதலில் வழிப்போக்கனைச் சந்தேகப்பட்டார். அப்புறம் படகோட்டியை. அப்புறம் பெட்டியை அடிக்கடி துடைத்துவைக்கும் அவன் பெண்டாட்டியை. ஒவ்வொரு தடவையும் ஏமாந்தார். ஆளைப் பார்த்ததும் எடைபோடுகிறவரை ஒரு புத்தகம் இப்படி அலைக்கழிக்கலாமா? கோபம் வந்தது. கோபத்தோடு அடுத்த பக்கத்தைப் புரட்டினார்.

அதற்குள் டிப்போவில் ஒரே பேச்சு. பூதக்கண்ணாடி முன்படியில் ஏறினாராம், காலி இருக்கையில் உட்கார்ந்து புத்தகத்தை விரித்தாராம், ஒருத்தரிடமும் டிக்கெட் கேட்காமல் இறங்க வேண்டிய நிறுத்தத்தையும் விட்டுவிட்டாராம். இது ஏதோ புதுத் தந்திரம் என்று பயந்து அன்று நடத்துநர்கள் எல்லாரும் ஒழுங்காக டிக்கெட் கிழித்தார்கள்.

தையல் வந்துவிட்டது. படகோட்டி ஆணியும் சுத்தியலுமாகப் பெட்டி முன்னால் உட்கார்ந்த இடத்தில் கதை நின்றது. அவர் புத்தகத்தை எடுத்துக்கொண்டு மனைவியிடம் போனார். அவள் கத்தரிக்கோலை எடுத்தாள். வரப்போவது தீர்ப்பு என்று அவளுக்குத் தெரியும்.

“இரு, பிரிக்காதே,” என்றார். “நீ இதைப் படிச்சிட்டியா?”

“தையல் வரைக்கும்தான். எனக்கும் முடிவு தெரியாது.”

அவர் அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். உள்ளே எதையோ ஒளித்திருக்கிறாள் என்று நினைத்ததெல்லாம் எங்கே போயிற்றோ.

“அவன் திறப்பானா, மாட்டானா? நீ என்ன நினைக்கிறே?”

அவள் அவர் முகத்தையே பார்த்தாள். உள்நோக்கம் இருக்கிறதா என்று தேடினாள். இத்தனை வருஷத்தில் அந்தப் பழக்கம் அவளுக்கும் தொற்றியிருந்தது.

“நிஜமாவே தெரியாமத்தான் கேக்கறீங்களா?”

“நிஜமாவே தெரியலை.”

அவள் கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டு, முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, தான் நினைத்ததைச் சொல்ல ஆரம்பித்தாள். அவர் குறுக்கே பேசாமல் கேட்டார்.