எப்போது போவது என்று கேட்டவர்

ஆம்புலன்சில் ஓட்டுநர் இருக்கைக்கு மேலே ஒரு சிறு கண்ணாடி உண்டு. பின்னால் படுத்திருப்பவரைக் காண அதைச் சற்றுச் சாய்த்து வைத்திருப்பேன். அன்று அதில் நான் கண்டது நோயாளியின் முகத்தையன்று, டாக்டரம்மாவின் முகத்தை. அத்தகைய அச்சத்தை அதற்குமுன் எந்த மருத்துவரின் முகத்திலும் நான் கண்டதில்லை.

திருமானூருக்கு அப்பால், கொள்ளிடக் கரையை ஒட்டியிருக்கும் எங்கள் சுகாதார நிலையத்துக்கு அவர் வந்து ஓராண்டுகூட ஆகியிருக்கவில்லை. எம்.பி.பி.எஸ். முடித்த கையோடு கிடைத்த முதல் வேலை. அன்று முற்பகலில் பிள்ளை பெற்ற ஒருத்திக்கு உதிரப்போக்கு நிற்கவில்லை. மருந்துகள் பயன் தராமற்போகவே, கருப்பையைக் கைகளால் அழுத்திப் பிடித்தபடியே அவரும் வண்டியில் ஏறினார். அரியலூர்ச் சாலையிலோ சுண்ணாம்புக்கல் லாரிகள் ஒன்றன்பின் ஒன்றாக ஊர்ந்துகொண்டிருந்தன. எவ்வளவு ஒலியெழுப்பியும் வழி விடுவாரில்லை.

“அண்ணே, இன்னும் எவ்வளவு தூரம்? கை மரத்துப் போச்சு. எடுத்தா போயிடுவாண்ணே!”

“இதோ வந்துட்டோம்மா” என்றேன். அது பொய்.

அந்தப் பெண் பிழைத்தாள். திரும்புகையில் டாக்டரம்மா என் பக்கத்து இருக்கையில் அமர்ந்து, கழுவிய கைகளையே பார்த்துக்கொண்டு வந்தார். மகப்பேறு மேற்படிப்புக்குத் தமக்கு இடம் கிடைத்திருப்பதை அப்போதுதான் சொன்னார். சில ஆண்டுகள் பணி செய்துவிட்டுப் போனால் அரசு ஒதுக்கீட்டிலேயே படிக்கலாமே என்று வீட்டார் தடுத்தார்களாம்.

“படிக்காம இங்க இருந்தா என் கையிலயே ஒருத்தி செத்துருவா. படிக்கப் போயிட்டா ஆளில்லாம ஒருத்தி செத்துருவா. நான் எப்பண்ணே போறது?”

அவ்வாண்டே போய்விட்டார்.

“வர்ற டாக்டருக்கு ஊரு பழகறதுக்குள்ள, போறதுக்கு மாலை வாங்க வேண்டியதாயிருக்கு” என்று விடைபெறும் நாளில் நர்சம்மா குத்தலாகச் சிரித்தார். வாயிலில் நிறைமாதப் பெண்ணொருத்தி காத்து நின்றாள். “எனக்குப் பிரசவம் பாத்துட்டுப் போகக் கூடாதாம்மா?” என்றாள். கார்க் கதவைப் பிடித்தபடி நின்ற டாக்டரம்மா, அவள் வயிற்றில் ஒருமுறை கை வைத்துப் பார்த்துவிட்டு ஏறிக்கொண்டார்.

அவளுக்கு வலி கண்டபோது மருத்துவர் நாற்காலி வெறுமையாகவே இருந்தது. நர்சம்மாவை மட்டும் துணைக்கு ஏற்றிக்கொண்டு புறப்பட்ட நான், கண்ணாடியை மேற்கூரை நோக்கித் திருப்பிவிட்டேன். அரியலூர் மருத்துவமனையின் வாயிலை அடையும்வரை அதைத் தொடத் துணியவில்லை. தாயும் சேயும் நலமே. ஆயினும், நலமாக முடிந்ததனால் பட்ட அச்சம் பொய்யாகிவிடுவதில்லை.

டாக்டரம்மா இன்று வேறொரு மாவட்டத்தில் மகப்பேறு மருத்துவராக இருக்கிறார். அவர் கைகளால் பிழைத்தவர்கள் எத்தனையோ பேர் இருக்கக்கூடும். போனது சரியே என்றுதான் நானும் பிறரிடம் சொல்லிவந்தேன்.

சென்ற வாரம், அரியலூரில் ஒரு நோயாளியைச் சேர்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தோம். பின்னிருக்கையில், இப்போதுள்ள இளம் டாக்டரம்மா கைப்பேசியைத் திரும்பத் திரும்ப எடுத்துப் பார்த்துக்கொண்டு வந்தார்.

“அண்ணே, எனக்கு மேல்படிப்புக்கு சீட்டு வந்துருச்சு. இந்த வருசமே போயிடவா?”

என் மகள் தலைப்பிரசவத்துக்காக எங்கள் வீட்டுக்கு வந்திருக்கிறாள். அவளுக்கு இது எட்டாம் மாதம். அது அவருக்கும் தெரியும்.

“உங்களுக்கு எது நல்லதுன்னு படுதோ அதைச் செய்யுங்கம்மா” என்றேன்.

கண்ணாடியில் அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.