கேட்காமல் எழுதிய பாஷை

எங்கள் ஊர் ஆந்திராவில், நகரிக்குப் பக்கம். பவர்லூம் ஓட்டுகிறேன். ஐந்தாவது வரைக்கும் படித்தேன், தமிழில். எங்கள் தெருவில் குழாயடிச் சண்டைகூடத் தமிழில்தான் நடக்கும்.

கோடை லீவுக்கு முன்னால் பள்ளிக்கூடத்துப் பெரிய டீச்சர் கூப்பிட்டு அனுப்பினார். என் பெண் அங்கே தமிழ் மீடியத்தில் நாலாவது.

"வர ஜூன்லேர்ந்து தமிழ் கிளாஸ் இல்லைங்க. உங்க தெருவுல தமிழ் வூடே இல்லைன்னு லிஸ்ட் வந்துக்குது."

"இன்னா மேடம், அப்போ நான் யாரு?"

"லிஸ்ட்ல நீங்களும் தெலுங்குதான்."

எனக்குப் புரிந்துவிட்டது. கணக்கெடுக்க ஒருத்தர் வந்திருந்தார். ஃபைல் பிடித்த கையைப் பார்த்தால் எங்கள் வாய் தானாகத் தெலுங்குக்குப் போய்விடும். பழக்கம். "இண்ட்லோ எந்தமந்தி?" என்றார். "நலுகுரு சார்" என்றேன், வீட்டில் நாலு பேர் என்று. தறி, ரேஷன் கார்டு, கரண்ட் எல்லாம் கேட்டார். மோர் குடித்தார். வீட்டில் என்ன பாஷை என்று மட்டும் கேட்கவில்லை. அவரே எழுதிக்கொண்டு போய்விட்டார். தெரு முழுக்க அப்படி.

வீட்டில் சொன்னேன். மனைவி சும்மா விடவில்லை.

"தொர மாதிரி தெலுகுல பேசிக்கினு இருந்தியே! புள்ள இனிமே எதுல படிக்கும்?"

சட்டையை மாட்டிக்கொண்டு, கணக்கெடுக்க ஆள் அனுப்பிய ஆபீஸுக்குப் போனேன். கிளார்க்குக்குச் சின்ன வயசு. தமிழிலேயே ஆரம்பித்தேன்.

"தப்பா எழுதிக்கிறாங்க. மாத்துங்க."

"மீரு தெலுகு பாக மாட்லாடுதாரு கதா அன்னா" என்று சிரித்தார். நன்றாகத்தானே தெலுங்கு பேசுகிறீர்கள் என்று.

திருத்தணிக்கு நூல் விஷயமாகப் போனால், "ஆந்திராவா? தமிழ் நல்லா பேசறியே" என்பார்கள். இங்கே இவர். இரண்டு பக்கமும் சபாஷ் வாங்கவா பிறந்தேன்?

"தெலுகு பேசுவேன். கடைல பேசுவேன், திருப்பதி பஸ்ல பேசுவேன். அதுக்காவ எம் பாஷைய நீ எடுத்துக்குவியா? என்னைக் கேட்டியா?"

சிரிப்பு நின்றது. மனு எழுதித் தரச் சொன்னார். எழுதித் தந்தேன். தமிழில் எழுதினால் இங்கே யார் படிப்பார்கள் என்று தெலுங்கில் கேட்டார். கேட்கும்போதே அவர் கண் வரி வரியாக ஓடியதைப் பார்த்துவிட்டேன்.

"நீதான் படிக்கிறியே."

அக்கம்பக்கம் பார்த்தார். குரலைத் தாழ்த்தினார்.

"எங்க வூட்லயும் தமிழ்தாண்ணா. கங்காதர நெல்லூர் பக்கம். இங்க யாருக்கும் தெரியாது."

"ஏன் தெரியக் கூடாது? திருடினியா?"

லிஸ்டை எடுத்தார். அதில் என் வரியை அடித்துத் திருத்தினார். "ஒரு வூடு பத்தாதுண்ணா. எல்லாரும் வந்து எழுதித் தரணும்."

மறுநாள் தறியை நிறுத்திவிட்டு வீடு வீடாகப் போனேன். பக்கத்து வீட்டுக்காரர் கதவைப் பாதிதான் திறந்தார்.

"எதுக்குப்பா வம்பு? ரேஷனை நிறுத்திட்டா?"

"பாஷைய சொன்னா அரிசிய நிறுத்துவானா? நிறுத்தட்டும், அதையும் போய்க் கேக்கலாம்."

அவர் வரவில்லை. பாதித் தெரு வந்தது. வரிசையில் நின்று எழுதிக் கொடுத்தோம்.

ஜூனில் கிளாஸை மூடவில்லை. பெண் போகிறாள். வரும் வருஷம் மறுபடி எண்ணுவார்களாம். பிறந்த ஊரிலேயே நான் யார் என்று நானே போய் நின்று சொல்லிவிட்டு வர வேண்டும். சொல்வேன். ஆனால் சொல்ல வைத்ததை மன்னிக்க மாட்டேன்.