பூதக்கண்ணாடியும் பாடுகிற ப்ரொப்பெல்லரும்

கப்பல் பழுதுபார்க்கும் அந்த டாக்கில் அவருக்குப் பூதக்கண்ணாடி என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயரைச் சொல்லித் தேடினால் வாசல் காவலாளிக்கே தெரியாது. கப்பலின் இரும்புக் கூட்டுக்கு அவர்தான் மேஸ்திரி. பெயிண்ட் பளபளத்தால், "எதையோ மறைச்சிருக்கானுங்க" என்பார். வெல்டிங் அழகாக இருந்தால், "இவ்வளவு அழகு எதுக்காம்?" என்பார். வீட்டிலும் இதே கூத்துதான். பால்காரர் சிரித்தால் பாலில் தண்ணீர். சிரிக்காவிட்டால் இன்னும் தண்ணீர்.

சும்மா சொல்லக்கூடாது, அந்தக் குணம் பல கப்பல்களைக் காப்பாற்றியும் இருக்கிறது. கப்பல் என்றால் வெளியே தெரிகிற தகடு மட்டுமா? அடியில் முதுகெலும்பாக நீள ஓடுகிற கீல். அதிலிருந்து இரண்டு பக்கமும் விலா எலும்பாக ஏறுகிற ஃபிரேம்கள். அவற்றின் மேல் தோலாகப் போர்த்தியதுதான் தகடு. தோல் மினுமினுக்கும், உள்ளே விலா அரித்துக் கிடக்கும். இவர் சுத்தியலால் தட்டிச் சத்தம் கேட்டு, "இங்க திறங்கடா" என்பார். திறந்தால் துரு பொலபொலவென்று கொட்டும்.

இப்பேர்ப்பட்டவருக்கு மாப்பிள்ளையாக வந்து மாட்டியவர், அதே டாக்கில், கப்பலைத் தள்ளுகிற விசிறியான ப்ரொப்பெல்லருக்கு ஃபிட்டர். மகளே பார்த்துப் பிடித்த மாப்பிள்ளை. அதிர்ந்து ஒரு வார்த்தை பேச மாட்டார். சந்தேகப்பட அது போதாதா?

"வாயே திறக்காத ஆளு. மனசுல என்ன இருக்குன்னு யாருக்குத் தெரியும்?"

"திறந்தா மட்டும் நம்பிடுவீங்களாக்கும்!" என்பார் மனைவி.

மாப்பிள்ளைக்கு அப்போது தற்காலிக வேலைதான். வந்திருக்கிற சரக்குக் கப்பலின் ப்ரொப்பெல்லரைச் சுத்தமாக முடித்துக் கொடுத்தால் நிரந்தரம் என்று மேனேஜர் வாக்குக் கொடுத்திருந்தார். மகள் வேறு முழுகாமல் இருந்தாள். வீடே அந்த ஒரு வேலையைத்தான் நம்பிக் காத்துக் கிடந்தது.

வேலை முடிந்து, வறண்டு கிடந்த டாக்குக்குள் கப்பல் மிதக்கத் தண்ணீர் விடுவதற்கு முன்னால் பூதக்கண்ணாடி வழக்கம்போல டார்ச்சோடு ஒரு சுற்று வந்தார். கூடுதான் அவர் பொறுப்பு, ப்ரொப்பெல்லர் இல்லை. ஆனால் கால் சும்மா இருக்குமா? பின்பக்கம் போய் எட்டிப் பார்த்தார். வெண்கல இறக்கைகள் கண்ணாடி மாதிரி மின்னின. சரி, இங்கேதான் ஏதோ இருக்கிறது என்று தடவிக்கொண்டே போனார். இருந்தது! ஒவ்வொரு இறக்கையின் பின் ஓரத்திலும், ஒரு பக்கம் மட்டும் சரிவாக வெட்டி, விளிம்பைக் கூராக விட்டிருந்தது. விரல் வைத்தால் கீறிவிடும்.

"பார்த்தியா! அவசரத்துல அரைகுறையா விட்டுட்டுப் போயிருக்கான்."

மேனேஜர் பார்த்தால் மகள் பிழைப்பு அம்போ. மாப்பிள்ளையைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்டால் ஏதாவது சாக்குச் சொல்வான், எதற்குக் கேட்பானேன்? எல்லோரும் சாப்பிடப் போன நேரத்தில் இரும்பைத் தேய்க்கிற தன் கிரைண்டரை எடுத்தார். அத்தனை ஓரத்தையும் உருண்டையாகத் தேய்த்துவிட்டார். அவர் நகர்ந்ததும் மதகைத் திறந்துவிட்டார்கள். யாரிடமும் மூச்சு விடவில்லை. மகளிடம் மட்டும், "உன் புருஷன் வேலையை நான் சரிபண்ணி, மானத்தைக் காப்பாத்திட்டேன்" என்று சொல்லி வைத்தார்.

போன கப்பல் போன சுருக்கில் திரும்பி வந்தது. ஓடும்போது பின்பக்கம் ஒரே ஊளையாம். மாலுமிகள் காதைப் பொத்திக்கொண்டு படுத்தார்களாம். பூதக்கண்ணாடி கப்பலின் பின்கோடியில், ப்ரொப்பெல்லருக்குப் பக்கத்தில் இருக்கிற தொட்டிக்குள் இறங்கி ஒவ்வொரு ஃபிரேமாகத் தட்டினார். எல்லாம் கிண்ணென்று இருந்தது.

"என் கூடு சுத்தம் சார். வேற எங்கயோதான் கோளாறு" என்றார், மாப்பிள்ளையை ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே.

டாக்கில் மறுபடி தண்ணீரை வடித்தார்கள். மேனேஜர், கப்பலின் சீஃப் இன்ஜினியர், மாமனார், மாப்பிள்ளை நால்வரும் ப்ரொப்பெல்லர் அடியில் நின்றார்கள். சீஃப் இன்ஜினியர் பின் ஓரத்தைத் தடவிப் பார்த்தார்.

"இறக்கையோட முன் ஓரம் தண்ணியை வெட்டிக்கிட்டுப் போகும். பின் ஓரம் வழியா தண்ணி பிரிஞ்சு போகும். இந்தப் பின் ஓரம் உருண்டையா இருந்தா, தண்ணி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் மாத்தி மாத்திச் சுழிக்கும். அந்தத் துடிப்பு இறக்கையோட துடிப்போட ஒத்துப்போச்சுன்னா, இறக்கை பாட ஆரம்பிச்சிடும். அது ஷாஃப்ட் தண்டு வழியா ஃபிரேமுக்கு ஏறும், ஃபிரேம்லேர்ந்து தகட்டுக்குப் போகும். அதுக்குத்தானே ஓரத்தைச் சரிவா, கூரா வெட்டச் சொன்னேன்? இங்க வெட்டே இல்லையே!"

பூதக்கண்ணாடிக்குத் தேள் கொட்டிய திருடன் நிலைமை. கத்தவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை.

மேனேஜர் மாப்பிள்ளை பக்கம் திரும்பினார். "வெட்டிட்டேன்னு எங்கிட்ட சொன்னியே, அத்தனையும் பொய்யா? நாளையிலேர்ந்து இந்தப் பக்கம் வராதே."

மாப்பிள்ளை தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். மகளின் முகம் மாமனார் கண்முன் வந்தது.

"சார், அவர் வெட்டினார். நான்தான் தேய்ச்சேன்."

மேனேஜர் சிரித்துவிட்டார். "மாப்பிள்ளைக்காகப் பழியை ஏத்துக்கறீங்களா? நடிக்காதீங்க, மேஸ்திரி."

அடடா! ஊரையே நம்பாத மனுஷர் முதல்முறையாக, "நம்புங்க சார்!" என்று கெஞ்சினார். டார்ச்சை ஓரத்தில் அடித்துக் காட்டினார். "இந்தக் கீறலைப் பாருங்க. இரும்புத் தகட்டுக்குப் போடற முரட்டு டிஸ்க். வெண்கலத்துல வேலை செய்யறவன் இதைக் கையாலயும் தொடமாட்டான். இது என் கிரைண்டர் சார், என் கைதான்."

சீஃப் இன்ஜினியர் குனிந்து பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார். மேனேஜருக்கு முகம் சிவந்தது. மாப்பிள்ளை வேலை பிழைத்தது. மேஸ்திரி இனிமேல் தனியாக எதையும் தொடக்கூடாது என்று உத்தரவாயிற்று.

மேனேஜரும் சீஃப் இன்ஜினியரும் போனதும் மாமனார் கேட்டார். "மாப்பிள்ளை, இது என் வேலைன்னு உங்களுக்குத் தெரியுமா?"

"நீங்க மானத்தைக் காப்பாத்தினதா அவ சொன்னா, மாமா. அப்ப புரியலை. இங்க வந்து ஓரத்தைப் பார்த்ததும் புரிஞ்சுது."

"அப்புறம் ஏன் வாயைத் திறக்கலை? வேலை போயிருக்குமே!"

"உங்களைக் காட்டிக்கொடுக்கவா, மாமா? வேணும்னுதான் கூரா வெட்டினேன்னு அன்னிக்கே சொல்லியிருந்தா மட்டும் நம்பியிருப்பீங்களா?"

பூதக்கண்ணாடி ப்ரொப்பெல்லரைப் பார்த்தார், கையிலிருந்த டார்ச்சைப் பார்த்தார். பொய் சொல்ல அன்றைக்கு அவருக்கு மனம் வரவில்லை.

"மாட்டேன்" என்றார்.

மாப்பிள்ளை தன் கிரைண்டரை எடுத்து ஓரத்தை மறுபடி வெட்ட ஆரம்பித்தார். மாமனார் பக்கத்தில் நின்று டார்ச் பிடித்தார்.