அம்மா பார்க்காத கல்யாணங்கள்

கல்யாணத்தை ஏன் வீட்டிலேயே வைத்தீர்கள் என்று இன்னமும் யாராவது கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார்கள். ரயிலில் எதிர் சீட்டில் உட்காருகிறவர்கள், ஆபீசில் புதிதாகச் சேர்ந்தவர்கள், மாடிக்குக் குடிவந்தவர்கள். மண்டபம் கிடைக்கவில்லை என்று சொல்லி முடித்துவிடுவேன். உண்மையைச் சொல்ல ஆரம்பித்தால் அவர்கள் இறங்க வேண்டிய ஸ்டேஷன் தாண்டிவிடும். எனக்கும் அவ்வளவு தெம்பு கிடையாது.

என் கழுத்தில் தாலி ஏறுவதை என் அம்மா கண்ணால் பார்க்க வேண்டும். அந்தக் கல்யாணத்தில் எனக்கு இருந்த ஆசை இது ஒன்றுதான். நாற்பதை நெருங்கும்போது கல்யாணம் செய்துகொள்கிறவளுக்குப் பட்டுப்புடவை மேல் என்ன பெரிய மோகம் இருக்கும்? காலையில் எலக்ட்ரிக் ட்ரெயினைப் பிடித்து, சாயங்காலம் அதே ட்ரெயினில் நின்றுகொண்டே திரும்பி, தங்கையைப் படிக்கவைத்து, கட்டிக்கொடுத்து, அவள் பிரசவத்தையும் பார்த்து முடித்தபோது எனக்குத் தூக்கம்தான் வேண்டியிருந்தது.

அப்பாவுக்குச் செங்கல்பட்டுக்கு மேற்கே ஒரு கிராமம். ஏரிப் பாசனம், கொஞ்சம் நிலம், அண்ணன் தம்பி சண்டை. பங்கு பிரிப்பதற்குள் வெறுத்துப்போய் லாரி ஓட்ட வந்துவிட்டார். எங்களையும் டவுனுக்குக் கூட்டி வந்தார். நான் ஏழாவது படிக்கும்போது காய்ச்சல் என்று படுத்தவர் எழுந்திருக்கவேயில்லை. அம்மா அப்போது முப்பதைத் தாண்டியிருக்க மாட்டாள்.

அப்பா போன மறு வருஷம் அம்மாவின் தம்பிக்குக் கல்யாணம். அம்மா இடுப்பில் தூக்கி வளர்த்த தம்பி. தாலித் தட்டை எல்லோரிடமும் நீட்டி ஆசீர்வாதம் வாங்கிக்கொண்டிருந்த நேரத்தில், சொந்தக்காரப் பெண் ஒருத்தி அம்மாவின் தோளைத் தொட்டு, "நீ கொஞ்சம் உள்ள இரும்மா, தாலி ஏறட்டும்" என்றாள். அதட்டவெல்லாம் இல்லை, பிரியமாகத்தான் சொன்னாள். அம்மாவும் தலையாட்டிவிட்டு உள்ளே போனாள். நான் பின்னாலேயே போனேன். சுவரைப் பார்த்து நின்றிருந்தாள்.

அதற்குப் பிறகு யாரும் அவளிடம் எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. எந்த வீட்டுக் கல்யாணமானாலும் முகூர்த்த நேரம் நெருங்கும்போது, தண்ணீர் வந்ததா பார்க்கிறேன், இலை போதுமா பார்க்கிறேன் என்று அவளே நழுவிவிடுவாள். என் முழி ஆவாது என்பாள். தலைவலி, இடுப்புவலி போல அதையும் தன் உடம்பில் இருக்கிற ஒரு கோளாறாகவே சொல்வாள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

தங்கை கல்யாணத்தில் சொந்த மகளுக்கும் அதையேதான் செய்தாள். மண்டபத்தில் கெட்டிமேளம் ஓய்ந்ததும் நான் தேடிக்கொண்டு போனேன். ஸ்டோர் ரூமில் காய்கறி மூட்டைகளுக்கு நடுவில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தாள். புதுப் புடவை, தலையைக்கூட நன்றாக வாரியிருந்தாள்.

"மேளம் கேட்டுச்சுடி. எனக்கு அது போதும்" என்றாள்.

எனக்குப் போதவில்லை. ராத்திரி பகல் பார்க்காமல் அடுப்பில் வெந்து எங்களை வளர்த்தவள் அவள். பொத்தேரியில் காலேஜ் பிள்ளைகள் சாப்பிடுகிற ஒரு மெஸ்ஸில் அத்தனை வருஷம் சமைத்தாள். ஊரார் பிள்ளைகளுக்கெல்லாம் அவள் கை ஆகும். பெற்ற பிள்ளைக்கு அவள் கண் ஆகாதா? அன்றைக்கு மாலையோடு நின்ற தங்கையிடம் சிரித்துப் பேசினேனே தவிர, உள்ளே கொதித்துக்கொண்டிருந்தது.

அந்த மெஸ்ஸில்தான் இவர் எங்களுக்கு அறிமுகம். எங்களுக்கு என்பதைவிட அம்மாவுக்கு என்று சொல்ல வேண்டும். இவர் அப்போது கடலோரத்திலிருந்து காலேஜுக்குப் பிள்ளைகளை ஏற்றி வரும் வேன் ஓட்டிக்கொண்டிருந்தார். பிள்ளைகளை இறக்கிவிட்டு மெஸ்ஸில் சாப்பிடுவார். "யக்கா, இன்னும் ஒரு கரண்டி ரசம் ஊத்து" என்று கேட்டுக் குடிக்கிற ஆள். பிறகு மாமல்லபுரம் ரோட்டில் ஒரு ரிசார்ட்டுக்கு வேன் ஓட்டப் போய்விட்டார். ஆனாலும் அம்மாவைப் பார்க்க வந்துகொண்டிருந்தார். அம்மாவைப் பார்க்க மட்டும் அவர் வரவில்லை என்று அம்மாவுக்கு எனக்கு முன்பே தெரிந்துவிட்டது.

இவருக்கு ஊர் நெம்மேலி. நிலம் என்று ஒரு சாண்கூட இல்லாத குடும்பம். இவர் பள்ளிக்கூடம் போகிற வயதில் அப்பா செத்துப்போனார். இவருடைய அம்மா சவுக்குத் தோப்பில் வேர் வெட்டினார், நடவுக்குப் போனார், கடற்கரையோரம் கட்டடங்கள் முளைக்க ஆரம்பித்ததும் சித்தாளாகக் கல் சுமந்தார். கூடப்பிறந்த இரண்டு பெண்களைக் கட்டிக்கொடுக்கும்வரை இவரும் இவர் அம்மாவும் சேர்ந்து சுமந்தார்கள். அந்த வகையில் நாங்கள் இரண்டு பேரும் நல்ல பொருத்தம். இரண்டு பேருக்கும் முதுகு வலிக்கும்.

முதல் முறை எங்கள் வீட்டுக்கு வந்தபோது என் மாமியார் அம்மாவிடம் ஊர் விசாரித்தார். அம்மா சொன்னதும், "அந்த ஏரிக்குக் கீழ தான? நான் வந்து நட்டுகீறேனே. எங்க ஊர்லருந்து ஆள் ஏத்திகினு வருவாங்க" என்றார். அம்மாவின் முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது. அப்பா வீட்டு வயல் அந்த ஏரிக்குக் கீழேதான். நடவு ஆட்களுக்கு வாசலுக்கு வெளியே வைத்துத்தான் சோறு போடுவார்கள். அந்தச் சோற்றைப் புதுமருமகளாக அம்மாவே போட்டிருக்கக்கூடும். அம்மா எழுந்து போய் டீ போட்டாள். தானும் அவர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து குடித்தாள்.

பெரியப்பா, அப்பாவின் அண்ணன், போனிலேயே கத்தினார். போயும் போயும் அங்கேதானா மாப்பிள்ளை கிடைத்தது, நாங்கள் யாரும் வர மாட்டோம் என்றார். அம்மா போனைக் காதில் வைத்தபடியே, "அவன் பத்து வருசமா என் கையால துன்னுகினு கீறான் மாமா. ஒரு நாள் கொற சொன்னதில்ல. நல்ல புள்ள" என்றாள். ஒரு மனிதன் நல்லவன் என்பதற்கு அவளிடம் இருந்த சாட்சி அவ்வளவுதான். பெரியப்பா வராதது எனக்கு நிம்மதியாகவே இருந்தது.

வீட்டில் வைக்கலாம் என்று நான்தான் சொன்னேன். மண்டபம் என்றால் பத்து ரூம் இருக்கும், ஏதாவது ஒன்றில் போய் அம்மா உட்கார்ந்துகொள்வாள். எங்கள் வாடகைப் போர்ஷனில் ஒரு ஹால், ஒரு பெட்ரூம், ஒரு சமையலறை. பெட்ரூமில் வந்தவர்களின் பைகளையெல்லாம் குவித்துவிட்டால் இவள் எங்கே போய் ஒளிவாள்? எனக்கு நானே சபாஷ் போட்டுக்கொண்டேன். சமையலை மட்டும் வெளியே சொல்லலாம் என்றேன். அம்மா விடவில்லை. முப்பது பேருக்கு நான் சமைக்க மாட்டேனா என்று கோபித்துக்கொண்டாள். அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

"தாலி கட்றப்ப நீ என் பக்கத்துல நிக்கணும்" என்று அவளிடம் சொன்னேன்.

"அவங்க அம்மா நிப்பாங்க இல்ல. பெரியவங்க ஒருத்தர் நின்னா போதும்" என்றாள்.

இவரும் தன் வீட்டில் இதையேதான் கேட்டிருக்கிறார். பெண்ணைப் பெற்றவள் நிற்பாள், நான் எதற்கு என்று என் மாமியார் சொல்லியிருக்கிறார். இரண்டு பேருமே புருஷனைப் பறிகொடுத்தவர்கள். அப்படியிருந்தும் மற்றவள் முன்னால் நின்றுகொள்வாள், அவளுக்கு அதில் ஒன்றும் தடையில்லை என்று இரண்டு பேரும் நம்பியிருக்கிறார்கள். நாங்களாவது இதை ஒருவருக்கொருவர் சொல்லியிருக்கலாம். எங்கள் பேச்செல்லாம் லீவு, வாடகை நாற்காலி, வேன் என்றே போய்க்கொண்டிருந்தது.

கல்யாணத்தன்று ஹாலில் ஜமக்காளம் விரித்திருந்தார்கள். குத்துவிளக்கு அணைந்துவிடும் என்று ஃபேனை நிறுத்தியதில் எல்லோரும் வியர்த்து வழிந்தோம். ஐயர் கிடையாது. இவருடைய தாய்மாமன்தான் முன்னால் நின்று எல்லாம் செய்துவைத்தார். போனை ஸ்பீக்கரில் மாட்டி நாதஸ்வரம் போட்டிருந்தார்கள். மாலை மாற்றும்போது நாதஸ்வரம் நின்று ஏதோ சோப்பு விளம்பரம் வந்தது. எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். அதுவரைக்கும் நன்றாகத்தான் இருந்தது.

மஞ்சள் கயிறு வைத்த தட்டு சுற்றிவந்தது. நான் தலையைத் திருப்பிப் பார்த்தேன். என் பக்கத்தில் அம்மா இல்லை. இவர் பக்கத்தில் மாமியார் இல்லை. சமையலறைக் கதவு ஒருக்களித்துச் சாத்தியிருந்தது.

"ரெண்டு அம்மாவும் எங்க?" என்று தாய்மாமன் கேட்டார்.

"உள்ள இன்னாவோ வேலயா கீறாங்க" என்றாள் இவருடைய அக்கா. யாருக்கும் அது ஆச்சரியமாக இல்லை. எல்லோரும் அட்சதையோடு தயாராக உட்கார்ந்திருந்தார்கள். இவர் தாலியைக் கையில் எடுத்துவிட்டார். நான் எழுந்துவிட்டேன்.

"இன்னாம்மா எழுந்துட்ட? நேரம் போவுது" என்று தாய்மாமன் பதறினார்.

கழுத்தில் மாலையோடு சமையலறைக்குள் போனேன். அம்மா பாயசத்தைக் கிளறிக்கொண்டிருந்தாள். அது எப்போதோ இறக்கியிருக்க வேண்டிய பாயசம். மாமியார் கழுவிய இலைகளையே திரும்பவும் கழுவிக்கொண்டிருந்தார். அவர்களும் அப்போதுதான் ஒருவரையொருவர் விசாரித்து முடித்திருந்தார்கள் போலிருக்கிறது.

"நீங்க நிப்பீங்கன்னு இல்ல நெனச்சிகினு இருந்தேன்" என்று அம்மா அவரைக் கடிந்துகொண்டாள்.

"நல்லா கீது. நீங்க நிப்பீங்கன்னு நான் இருந்தேன். போங்க சம்பந்தி, கூப்புட வந்துட்டா பாருங்க."

"நீங்க போங்க. நான் இங்கருந்தே சாமிய கும்புட்டுக்கிறேன்."

இப்படி அவர்கள் மாறி மாறிச் சொல்லிக்கொண்டிருக்க, எனக்கு ஒரேயடியாக ஓய்ந்துபோயிற்று. சிலிண்டருக்குப் பக்கத்தில் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். பட்டுப்புடவையில் தண்ணீர் பட்டது. அதைத் தூக்கிப் பிடிக்கவும் தோன்றவில்லை.

"எழுந்திருடி, எல்லாம் ஈரமா கீது" என்றாள் அம்மா.

"மாட்டேன். நீ வராம நான் வெளிய போவ மாட்டேன்."

தேடிக்கொண்டு வந்த இவர் வாசலில் நின்று எங்கள் மூன்று பேரையும் பார்த்தார். ஹால் பக்கம் திரும்பி, "மாமா, தட்ட இங்க எடுத்துனு வா" என்று குரல் கொடுத்தார்.

"அடுப்பங்கரையிலயா?" என்றார் அவர்.

"அக்கினி தான வேணும்? அதான் எரியுதே" என்று சிரித்துக்கொண்டே இவருடைய அக்கா குத்துவிளக்கைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள். முடிந்தவரை ஆட்கள் உள்ளே நுழைந்தார்கள். மற்றவர்கள் கதவருகில் எட்டிப் பார்த்தார்கள். அடுப்பு மேடைக்கும் பாத்திரத் தொட்டிக்கும் நடுவில் அம்மாவுக்கு நகர இடமில்லை. நான் நினைத்தது நடந்துவிட்டது என்றுதான் நினைத்தேன்.

இவர் என் எதிரில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து தாலியை என் கழுத்துக்குக் கொண்டுவந்தார். நான் நிமிர்ந்து அம்மாவைப் பார்த்தேன். கரண்டியை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு, கண்ணை இறுக மூடியிருந்தாள். பாதி இருட்டில் குழந்தைகள் பயந்து மூடிக்கொள்ளுமே, அப்படி.

இத்தனை பாடுபட்டு அவள் முன்னால் வந்து உட்கார்ந்தும் பிரயோஜனமில்லை. இவர் என் பார்வை போன இடத்தைப் பார்த்தார். கயிறு அவர் கையிலேயே நின்றது.

"யக்கா" என்றார். பழக்கதோஷம். "அத்த, கண்ண தொற."

அம்மா தலையை ஆட்டினாள். "வேணாம்பா. என் முழி ஆவாது. உங்களுக்கு ஒண்ணும் ஆவக்கூடாது. நீ கட்டு."

என் மாமியார் இலையைக் கீழே வைத்தார். ஈரக் கையோடு அம்மாவின் மணிக்கட்டைப் பிடித்தார்.

"இன்னா ஆவாது? நான் பாத்துக்கினுதான் கீறேன். அவன் நான் பெத்த ஒரே ஆம்பளப் புள்ள. அவனுக்கு ஒண்ணு ஆவும்னு எனக்குப் பயம் இருக்காதா? இருக்குது. இருந்தாலும் பாக்கறேன். நீயும் பாரு. வர்றது வரட்டும், ரெண்டு பேர்த்துக்கும் சேந்து வரட்டும்."

அதுவரைக்கும் அவர் அம்மாவை நீங்க என்றுதான் கூப்பிட்டிருந்தார். அம்மாவும் அதைக் கவனித்திருக்க வேண்டும். கண்ணைத் திறந்து முதலில் அவரைத்தான் பார்த்தாள். பிறகு எங்களை.

இவர் முதல் முடிச்சைப் போட்டார். பின்னாலிருந்து இவருடைய அக்கா மற்ற இரண்டையும் போட்டாள். எல்லாம் ஒரு நிமிஷம்கூட ஆகியிருக்காது. அட்சதை விழுந்தது, பாயசத்திலும் கொஞ்சம் விழுந்தது. அம்மா இமைக்கவேயில்லை. தம்பி கல்யாணத்திலிருந்து இத்தனை வருஷமாக எத்தனையோ கல்யாணங்களில் உள்ளே உட்கார்ந்து மேளச் சத்தத்தை மட்டும் கேட்டவள், என் கழுத்திலிருந்த மஞ்சள் கயிற்றையும் அக்காவின் கைகளையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"அவ்ளோதானா?" என்று கேட்டாள்.

"அவ்ளோதான்" என்றார் என் மாமியார்.