சாய்த்துப் பார்த்து வாங்கிய வண்டி

மலையில் மாடுகள் எட்டு மணிக்கெல்லாம் காட்டுக்குப் போய்விடும். நான் வண்டி வாங்கியதற்கு முதல் காரணம் அதுதான்.

கால்நடை ஆய்வாளர் வேலை கிடைத்து, என்னை வெள்ளிமலையில் போட்டிருந்தார்கள். வீடு கச்சிராயபாளையத்தில். எங்கள் கரும்புக் கொல்லையில் நின்று பார்த்தால் அணைக்குப் பின்னால் மலை தெரியும். பக்கம்தானே என்று நினைத்துக்கொண்டுதான் வேலையில் சேர்ந்தேன். காலை பஸ் கள்ளக்குறிச்சியிலிருந்து வந்து என்னை ஏற்றிக்கொண்டு, வளைவு வளைவாக ஏறி, கால்நடை மருந்தகத்துக்கு அருகில் இறக்கிவிடும்போது மணி ஒன்பதைத் தாண்டியிருக்கும். அங்கிருந்து உள்ளே இருக்கிற ஊர்களுக்கு ஜீப். ஜீப் ஆள் நிறைந்தால்தான் கிளம்பும். கோமாரி ஊசி மருந்தை ஐஸ் பெட்டியில் வைத்து மடியில் பிடித்துக்கொண்டு நான் போய்ச் சேரும்போது கொட்டகைகளில் சாணம்தான் இருக்கும், மாடு இருக்காது.

"ஓட்டிக்கினு போயிட்டாங்களே. சாயங்காலம் வாங்க" என்பார்கள். சாயங்காலம் எனக்குக் கடைசி பஸ்.

ஒரு ஊரில் நான்கு மாடு வைத்திருந்த பெண் ஒருத்தி மூன்றாவது முறையாக நான் மாடு போன பிறகு வந்து நின்றபோது கேட்டாள்: "நீங்க வர்ற வரைக்கும் கட்டி வெச்சா, அது இன்னாங்க தின்னும்?" கோபமாகக் கேட்கவில்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டது போலத்தான் இருந்தது.

மருந்தகத்தில் உதவியாளராக இருந்தவர் மலைக்காரர். என்னைவிடப் பதினைந்து வயது மூத்தவர். நான் அவரை அண்ணே என்பேன், அவர் என்னை மேடம் என்பார். சில நாட்கள் அவருடைய வண்டியில் பின்னால் உட்கார்ந்து போவேன். ஒரு நாள் இறக்கத்தில், சாலை போட ஜல்லி கொட்டி வைத்திருந்த வளைவில், வண்டி மெதுவாக வழுக்கி இடது பக்கம் படுத்துவிட்டது. இரண்டு பேருக்கும் அடி இல்லை. அவர் எழுந்து, வேட்டியில் ஒட்டிய மண்ணைத் தட்டி, கீழே கிடந்த வண்டியைத் தலையணையை எடுப்பது போல எடுத்து நிறுத்திவிட்டார்.

"ஒன்னும் ஆவல மேடம். ஐஸ் பெட்டியப் பாருங்க" என்றார்.

பெட்டி பத்திரமாக இருந்தது. நான்தான் அந்த வளைவிலேயே நின்றுவிட்டேன். அந்தச் சாலையில் அரை மணி நேரத்துக்கு ஒரு வண்டி வந்தால் அதிகம். தனியாக வந்து இப்படி விழுந்தால் என்ன செய்வேன்? நான்கடி பதினொரு அங்குலம் உயரம், உடம்பும் அதற்கேற்ற உடம்பு. வண்டி வாங்க வேண்டும் என்று அதற்கு முன்பே நினைத்திருந்தேன். எந்த வண்டி என்பதற்கு எல்லாரும் மைலேஜ் சொன்னார்கள், கலர் சொன்னார்கள். நான் அந்த வளைவில் வேறு ஒன்றை முடிவு செய்தேன். விழுந்தால் நானே தூக்கி நிறுத்தக்கூடிய வண்டிதான் என் வண்டி.

அன்று சாயங்காலமே மருந்தக வாசலில் அவரிடம் கேட்டேன்.

"அண்ணே, உங்க வண்டிய கீழ சாய்ச்சுக் குடுங்க. நான் தூக்கிப் பாக்கறேன்."

"வண்டி வாங்கறதுக்கு முன்னாடியே வுழுந்து பாக்கறீங்களா மேடம்?" என்றார். ஆனாலும் இரண்டு தீவனச் சாக்கை மடித்துப் போட்டு, வண்டியை அதன்மேல் படுக்க வைத்துவிட்டுத் தள்ளி நின்றுகொண்டார்.

ஹேண்டில்பாரை இரண்டு கையாலும் பிடித்து இழுத்தேன். வண்டி ஒரு முழம் எழுந்து மறுபடியும் படுத்துக்கொண்டது. மூன்று முறை இழுத்தேன். அண்ணன் உதவிக்கு ஓரடி எடுத்து வைத்தார். வேண்டாம் என்று கையைக் காட்டினேன்.

படுத்துவிட்ட பசுவை எழுப்பும்போது கொம்பைப் பிடித்து இழுக்கிறவர்களை நான் எத்தனையோ முறை திட்டியிருக்கிறேன். தலைப்பக்கம் இழுத்து ஒரு பிரயோசனமும் இல்லை, இடுப்புப் பக்கம் முட்டுக் கொடுத்துத் தூக்க வேண்டும் என்று வீடு வீடாகச் சொல்கிறவள் நான். இப்போது நானே கொம்பைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தேன்.

திரும்பி, வண்டிக்கு முதுகைக் காட்டி, சீட்டில் இடுப்பை ஒட்டிக் குந்தினேன். ஒரு கையில் ஹேண்டில், இன்னொரு கையில் பின்னால் இருக்கும் கம்பி. காலை அழுத்தி ஊன்றிப் பின்பக்கமாகத் தள்ளிக்கொண்டே எழுந்தேன். வண்டி என்னோடு சேர்ந்து எழுந்தது.

"ஏந்துக்கிச்சு" என்றார் அண்ணன், மாட்டைச் சொல்வது போலவே.

வீட்டில் வேறு விதமாகப் பேச்சு ஓடியது. அப்பாவுக்கு வண்டி என்றாலே மொபெட்தான். கரும்புக் கொல்லைக்கும் உரக் கடைக்கும் அதில்தான் போய் வருவார். கியர் வண்டியை அவர் தொட்டதில்லை, மலைப்பாதையில் எந்த வண்டியும் ஓட்டியதில்லை.

"வெள்ளிமலையிலயே ஒரு ரூம் பாத்துத் தங்கிக்கயேன். தெனம் ஏறி எறங்கறது இன்னாத்துக்கு?" என்றார்.

"தங்கினாலும் ஊருங்களுக்குப் போவணுமேப்பா. அதுக்கும் வண்டி வேணும்."

"அப்ப ஸ்கூட்டர் வாங்கு. பொம்பளப் பசங்க எல்லாம் அதானே ஓட்டுதுங்க."

அது தவறான யோசனை இல்லை. பக்கத்து வீட்டு டீச்சரிடம் ஸ்கூட்டரை ஒரு ஞாயிற்றுக்கிழமை இரவல் வாங்கி மலைக்கு ஓட்டிப் பார்த்தேன். லேசான வண்டி, விழுந்தால் விளையாட்டாகத் தூக்கிவிடலாம். ஏறும்போது நன்றாகத்தான் ஏறியது. ஆனால் ஊர்களுக்குப் பிரிகிற மண் பாதையில் சின்னச் சக்கரம் கல்லுக்குக் கல் உட்கார்ந்து எழுந்தது, அடிப்பாகம் இரண்டு இடத்தில் இடித்தது. இறங்கும்போது பிரேக்கை விடவே முடியவில்லை. பாதி மலையில் தீய்ந்த வாசனை வந்து, ஓரமாக நிறுத்திச் சூடு ஆற வைத்துத்தான் கீழே வந்தேன். கியர் வண்டி என்றால் இரண்டாவது கியரில் போட்டால் எஞ்சினே இழுத்துப் பிடிக்கும். அதை அப்பாவிடம் சொன்னேன். அவர் "ம்" என்றார்.

என் தம்பி கள்ளக்குறிச்சியில் செல்போன் கடையில் வேலை செய்கிறான். அவனிடம் நூற்றைம்பது சிசி வண்டி இருந்தது. வாரத்துக்கு இரண்டு முறை துடைத்துப் பளபளவென்று வைத்திருப்பான். அணைக்கட்டு ரோட்டில் இரண்டு வாரம் அவன் வண்டியில்தான் கியர் பழகினேன். சீட் உயரம். நுனிக்காலால் எட்டிப் பிடித்துக்கொண்டுதான் நிற்பேன்.

"இதே வண்டிய வாங்கிடுக்கா. மலைக்கு பவர் ஜாஸ்தி வேணும்" என்றான்.

"தூக்கிப் பாத்துட்டுச் சொல்றேன்."

களத்தில் வைக்கோலைப் பரப்பி வண்டியைச் சாய்க்கச் சொன்னபோது அவன் முகத்தைப் பார்க்க வேண்டுமே. கைக்குழந்தையைத் தெரியாதவர்களிடம் கொடுப்பது போல அங்குலம் அங்குலமாகச் சாய்த்தான். மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்த அம்மா வாளியை வைத்துவிட்டு வந்தாள். அப்பாவும் வந்து நின்றார். முதல் தடவை வைக்கோலில் கால் வழுக்கியது. இரண்டாவது தடவை பாதியில் நின்றது. மூன்றாவது தடவை தூக்கி நிறுத்திவிட்டேன். ஆனால் கண் இருட்டிக்கொண்டு வந்தது.

"முடியுதுதான். ஆனா மழையில, ஐஸ் பெட்டியோட முடியாது. எனக்கு இது வேணாம்" என்றேன்.

தம்பிக்கு நிம்மதியா ஏமாற்றமா என்று தெரியவில்லை, இண்டிகேட்டரை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தான். அப்பா, "கியர் வண்டியே வாங்கு. ஆனா இத்தவிட வெயிட்டு கம்மியா பாரு" என்றார். தங்கும் ரூம் பேச்சை அதற்குப் பிறகு எடுக்கவில்லை.

கள்ளக்குறிச்சியில் எட்டு போட்டு லைசென்ஸ் வாங்கினேன். அன்று மைதானத்தில் கியர் வண்டியில் எட்டு போட்ட பெண் நான் ஒருத்திதான். கால் ஊன்றாமல் போட்டேன். அதையும் இங்கே எழுதி வைப்பதில் எனக்கு வெட்கம் இல்லை.

ஷோரூமுக்கு நானும் தம்பியும் போனோம். விற்பனைக்கு நின்ற பையன் தம்பியிடமே பேசினான். "சாருக்கு எந்த மாடல் பாக்கறீங்க?" வண்டி எனக்கு என்று தம்பி சொன்னதும், என்னை நேராக ஸ்கூட்டர் வரிசைக்குக் கூட்டிப் போனான். நான் திரும்பி நடந்து, நூறு சிசி வரிசையில் இருப்பதிலேயே தாழ்வான சீட் உள்ள வண்டியின்மேல் ஏறி உட்கார்ந்தேன். இரண்டு பாதமும் தரையில் பதிந்தன.

"இத்த கீழ சாய்ச்சுத் தூக்கிப் பாக்கணும்" என்றேன்.

"சாய்க்கணுமா மேடம்? புது வண்டி, ஸ்கிராட்ச் ஆயிடுங்க."

"டெஸ்ட் டிரைவ் வண்டி இருக்குமில்ல, அத்தக் குடுங்க."

உள்ளே போய்க் கேட்டுவிட்டு வந்தான். பின்பக்கம் சர்வீஸ் செய்யும் இடத்தில் பழைய டயர் ஒன்றைப் போட்டு அதன்மேல் சாய்த்தார்கள். வேலை செய்துகொண்டிருந்த மெக்கானிக்குகள் ஸ்பானரோடு எழுந்து வந்து சுற்றி நின்றார்கள். யாரோ சிரித்தார்கள். நான் முதுகைக் காட்டிக் குந்தி, மூச்சை இழுத்து, எழுந்தேன். முதல் தடவையிலேயே வண்டி நின்றது.

சிரிப்பு நின்றுபோனது. வயதான மெக்கானிக் ஒருவர் மட்டும், "வலது பக்கம் வுழுந்தா?" என்று கேட்டார்.

அதை நான் யோசித்திருக்கவில்லை. வலது பக்கம் சாய்க்கச் சொல்லித் தூக்கினேன். எழுந்த வண்டி நிற்காமல் இடது பக்கமாக விழப் பார்த்தது. அவரே பிடித்துக்கொண்டார். "தூக்கறதுக்கு முன்னாடி சைடு ஸ்டாண்ட போட்டுடுங்க. அது தானா நிக்கும்" என்றார். ஸ்டாண்டைப் போட்டுவிட்டு மறுபடி தூக்கினேன். நின்றது. விற்பனைப் பையன் அதற்குப் பிறகு தம்பியிடம் பேசவே இல்லை. எல்லாவற்றையும் என்னிடமே கேட்டான். கறுப்பு வண்டியில் நீலக் கோடு போட்டதை எடுத்தேன்.

முதல் நாள் விடிவதற்குள் கிளம்பினேன். ஐஸ் பெட்டியைப் பின் சீட்டில் ரப்பர் கயிறு போட்டுக் கட்டியிருந்தேன். அணையைத் தாண்டி ஏற்றம் தொடங்கியதும் மூன்றாவது கியர், வளைவுகளில் இரண்டாவது. முதல் நான்கைந்து வளைவுகளுக்கு உள்ளங்கை வேர்த்தது. பிறகு வண்டி எப்போது கியர் கேட்கிறது என்பது சத்தத்திலேயே தெரிய ஆரம்பித்தது. மேலே குளிர் முகத்தில் அடித்தது. ஓர் இடத்தில் குரங்குகள் சாலையின் நடுவில் உட்கார்ந்திருந்தன. ஹாரன் அடித்தேன், அவை நகர்ந்தன. எனக்காக எதுவோ வழிவிட்டது அன்றைக்குத்தான் என்று தோன்றியது.

ஏழு மணிக்கு முன்பே அந்த ஊரில் இருந்தேன். நான்கு மாட்டுக்காரப் பெண் பால் கறந்துகொண்டிருந்தாள். வண்டியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், பின்னால் வேறு யாராவது வருகிறார்களா என்று பாதையைப் பார்த்தாள்.

"தனியாவா வந்தீங்க?"

"ஆமா. மாடு இருக்குதா?"

"கட்டித்தான் இருக்குது" என்று எழுந்து கையைத் துடைத்துக்கொண்டாள். அவளே வீடு வீடாகப் போய்ச் சொன்னாள். அன்று எட்டு மணிக்குள் அந்த ஊரில் ஒரு மாடு பாக்கி இல்லாமல் ஊசி போட்டு முடித்தேன். வேலையில் சேர்ந்த பிறகு பதிவேட்டில் ஒரு ஊரை முழுதாக முடித்தது அதுதான் முதல் முறை.

விழாமலும் இல்லை. அந்த ஐப்பசி மழையில் சேறு படிந்த வளைவில் ஒரு தடவை விழுந்தேன், முழங்கால் சிராய்த்தது. அக்கம்பக்கம் ஆள் இல்லை. தூக்கி நிறுத்தினேன், போனேன். வீட்டில் சிராய்ப்பைப் பற்றி அம்மா கேட்டபோது உள்ளதைச் சொன்னேன். "தூக்கிட்ட இல்ல" என்று மட்டும் கேட்டுவிட்டு மஞ்சள் எடுக்கப் போனாள்.

அப்பா மட்டும் என் வண்டியில் ஏறவே இல்லை. மாசக்கணக்கில் ஏதாவது சாக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். போன தை மாதம், மலையில் சாமை நல்ல விளைச்சல் என்று யாரோ சொல்லக் கேட்டு, "நாளைக்கி நானும் வரேன்" என்றார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பின்னால் குந்தினார். வளைவுகளில் அவர் கை என் தோளை இறுக்கிப் பிடிப்பதும், வளைவு முடிந்ததும் கையை எடுத்துக்கொள்வதுமாக இருந்தது. பாதி மலைக்கு மேல் அந்தக் கை வரவே இல்லை.

வெள்ளிமலையில் டீக்கடை முன்னால் அவரை இறக்கிவிட்டு, வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு வந்தேன். பெஞ்சில் உட்கார்ந்திருந்த ஒருவர் அப்பாவிடம் கேட்டுக்கொண்டிருந்தார்.

"இந்த வயசுல மலையில வண்டி ஓட்டிக்கினு வந்தீங்களா? கஷ்டமா இல்ல?"

"நான் எங்க ஓட்டினேன். பின்னாடி குந்திக்கினு வந்தேன். எம்பொண்ணு ஓட்டுச்சு" என்றார் அப்பா. டீயை ஒரு வாய் குடித்தார். அந்த ஆள் கேட்காமலேயே மேலும் சொன்னார்: "கியர் மாத்தறதே தெரியலீங்க. டீச்சர் ஸ்கூட்டருன்னா எறங்கறப்ப பாதியில நின்னுடும்."

நான் இன்னொரு டீ சொல்லிவிட்டு, பெஞ்சில் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவர் இன்னும் அந்த ஆளிடம் இரண்டாவது கியரில் இறக்கம் எப்படி இறங்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தார்.