பெரியக்கா தொடாத ஒயர்

எங்கள் அண்ணிக்குக் கோபம் மூக்குக்கு மேலே நிற்கும். சமையலறையில் ஒரு டப்பா இடம் மாறியிருந்தால் போதும், அன்றைக்கு வீட்டில் எல்லோருக்கும் அர்ச்சனைதான். உப்பு, சர்க்கரை என்று சீட்டு எழுதி ஒவ்வொரு மூடியிலும் ஒட்டி வைத்திருப்பாள். ஒரு நாள் அண்ணன் இரண்டு மூடிகளை மாற்றி மூடிவிட்டு, மறுநாள் உப்புக் காப்பியைக் குடித்து முழித்தான். அப்போதும் திட்டு அவனுக்குத்தான் விழுந்தது, சீட்டு ஒட்டியவளுக்கு இல்லை.

அண்ணிக்கு ஆஸ்பத்திரியில் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலை. நான் அங்கேயே கீழ்த்தளத்தில், ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் இருக்கிறேன். என் மெஷின் சொல்லும் முடிவு மேல்மாடி டாக்டரின் திரைக்குப் போவது அண்ணியின் சர்வர் வழியாக. அந்த சர்வரின் முதுகில் இரண்டு நெட்வொர்க் கார்டுகள். ஒன்றில் ஆஸ்பத்திரிக்குள் போகும் ஒயர், சிவப்பு டேப் சுற்றியது. இன்னொன்றில் வெளி இன்டர்நெட் ஒயர், நீல டேப்.

வாரம் ஒரு நாள் ஜெனரேட்டரை ஓட்டிப் பார்ப்பார்கள். அன்றைக்கு மட்டும் சர்வரை அணைத்து, பிறகு மறுபடி ஓடும்படி ஏற்றுவாள் அண்ணி. சர்வர் ஓடும்போது ஈரத்துணியோடு யாரும் உள்ளே வரக்கூடாது என்பது அவள் சட்டம். அதனால் அந்த அறை துடைக்கப்படுவதும் அன்றைக்கு மட்டும்தான். துடைப்பது, ஆஸ்பத்திரியில் எல்லோரும் பெரியக்கா என்று கூப்பிடும் துப்புரவுப் பணியாளர். அவர் பெயர் யாருக்கும் ஞாபகமில்லை. முழங்கால் வலியோடு மூன்று மாடியும் துடைக்கிறவர், யாரிடமும் அதிர்ந்து பேசமாட்டார்.

சில வாரங்களில், சர்வரை ஏற்றியதும் ஆஸ்பத்திரியே ஊமையாகிவிடும். சர்வர் ஓடும், ஆனால் ஒரு முடிவும் மேலே போகாது. நான் காகிதங்களைத் தூக்கிக்கொண்டு மூச்சிரைக்கப் படியேறுவேன். அண்ணி அந்த இரண்டு ஒயரையும் மாற்றிச் செருகுவாள். உடனே எல்லாம் சரியாகிவிடும். மூன்றாவது முறை அப்படி ஆனபோது அவள் கத்தினாள்.

"யாரு இந்த ஒயரைப் புடுங்கி மாத்திச் சொருகுறது?"

ஆஸ்பத்திரி மேனேஜருக்கு இது போதாதா? அறைக்குள் போனது யார் என்று விசாரித்தார். பெரியக்காவைக் கூப்பிட்டு நிற்க வைத்தார்.

"தரையைத் தவிர நான் எதையும் தொடலை சார்."

"மாத்திச் சொருகினா சரியாகுது. அப்ப யாரோ மாத்தியிருக்கணும்ல? பேயா வந்து மாத்துச்சு? ஒத்துக்கிட்டா மன்னிச்சு விட்டுடறேன்."

பெரியக்கா ஒத்துக்கொள்ளவில்லை. செய்யாததை எப்படி ஒத்துக்கொள்வது? அன்றே அவரைத் தற்காலிகமாக வேலையிலிருந்து நிறுத்திவைத்தார்கள். நிர்வாகக் கூட்டம் கூடி ஒரேயடியாகச் சீட்டைக் கிழிப்பதுதான் பாக்கி. மெஷினைக் கெடுத்தவள் என்ற கெட்ட பெயரோடு போனால் எந்த ஆஸ்பத்திரி அவரைச் சேர்த்துக்கொள்ளும்?

அடுத்த வாரம் சர்வர் ஒழுங்காக ஏறியது. "பாத்தியா? ஆளை நிறுத்தினதும் மெஷின் அடங்கிடுச்சு" என்று மேனேஜர் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டார். அதற்கடுத்த வாரம் அறையை யாரும் துடைக்கவே இல்லை. பூட்டுச் சாவி அண்ணியின் கைப்பையில். ஏற்றியதும் சர்வர் மறுபடி ஊமை.

"இப்ப என்ன சொல்றீங்க சார்?" என்றேன்.

மனிதர் கண்ணைக்கூடச் சிமிட்டவில்லை. "அந்தம்மாகிட்ட இன்னொரு சாவி இருக்கும்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். கையிலிருந்த காகிதக் கட்டை அவர் முதுகில் எறியாமல் நான் நின்றதே பெரிய விஷயம்.

அண்ணி வழக்கம்போல ஒயருக்குக் கையை நீட்டினாள். நீட்டியவள் அப்படியே நிறுத்திவிட்டுத் திரைக்கு முன்னால் உட்கார்ந்தாள். ஒவ்வொரு கார்டுக்கும் கம்பெனியிலேயே போட்ட ஒரு எண் உண்டாம், அது மாறவே மாறாதாம். அந்த எண்களைப் போன வாரப் பதிவோடு ஒப்பிட்டுத் திரும்பத் திரும்பப் படித்தாள். முகம் வெளுத்துவிட்டது.

"ஒயர் அதே இடத்துலதான் இருக்கு. பேருதான் மாறியிருக்கு. சர்வர் எழுந்திருக்கும்போது எந்தக் கார்டு முந்திக்குதோ அதுக்கு முதல் பேரு. இன்னிக்கு மத்தது முந்திக்கிச்சு. நான் உள் நெட்வொர்க்கை அந்த முதல் பேருக்குத்தான் எழுதி வெச்சேன். நம்ம வீட்டுல மூடியில ஒட்டின மாதிரி."

"அப்ப ஒயரை யாருமே மாத்தலையா?"

"மாத்தினது நான் ஒருத்திதான்."

"உங்க கோளாறுக்கு அவங்க தலையை உருட்டினீங்களா அண்ணி?"

அண்ணி கீபோர்டைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டாள். பேரை அந்த எண்ணோடு சேர்த்துக் கட்டிவிட்டால் பிறகு மாறாது, சின்ன வேலைதான் என்று எனக்குப் புரிந்தது. சத்தமில்லாமல் சரிபண்ணி மூடி மறைத்துவிடுவாளோ என்று பயந்தேன்.

"சரி பண்ணிட்டா அத்தாட்சி போயிடும். போய் மேனேஜரைக் கூட்டிட்டு வா" என்றாள்.

மேனேஜர் வந்தார். அண்ணி கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். சர்வரை அணைத்து ஏற்றினோம். ஒழுங்காக வந்து தொலைத்தது. மறுபடி ஏற்றினோம், அப்போதும் ஒழுங்கு. "எனக்கு வேற வேலை இல்லையா?" என்று அவர் வாசல் பக்கம் திரும்பினார். அதற்கடுத்த முறை ஊமையாகிவிட்டது. ஒயரை ஒருவரும் தொடவில்லை, அவரே பார்த்துக்கொண்டிருந்தார்.

மேனேஜர் தொண்டையைச் செருமினார். "சரி சரி, அந்தம்மாவை வரச் சொல்லு. மன்னிச்சுட்டோம்னு சொல்லிடு."

"யாரு சார் யாரை மன்னிக்கிறது?" அண்ணியின் குரல் வராந்தாவின் கடைசிவரை கேட்டது. "தப்பு என்னோடது. பழி போட்டது நீங்க. கேக்குறதா இருந்தா நாம ரெண்டு பேரும்தான் அவங்ககிட்ட மன்னிப்புக் கேக்கணும்."

அவர் கேட்கவில்லை, கேட்கிற ஜாதியும் இல்லை. அண்ணி மட்டும் பெரியக்கா வீடு தேடிப்போய்க் கேட்டாள். கார்டுகளுக்கு 'உள்', 'வெளி' என்று நிலையான பெயர் வைத்தாள். வீட்டிலும் சீட்டுகளை மூடியிலிருந்து உரித்து டப்பாவிலேயே ஒட்டினாள்.

பெரியக்கா திரும்பி வந்த முதல் வாரம், அண்ணி சர்வர் அறையைத் திறந்துவிட்டாள். பெரியக்கா வாளியை நிலைப்படிக்கு வெளியிலேயே வைத்தார்.

"நீங்களும் உள்ள வந்து நில்லுங்கம்மா."

"எதுக்குக்கா? இனிமே அது மாறாது. நான் சரி பண்ணிட்டேன்."

"மெஷினைச் சரி பண்ணிட்டீங்க. நாளைக்கு வேற ஏதாவது கெட்டா, நான் தொடலைன்னு சொல்ல ஒரு ஆள் வேணும்ல?"

இப்போதும் வாரம் தவறாமல் அண்ணி உள்ளே போய் நிற்கிறாள். ஈரத்துணி பக்கத்தில் வரும்போது காலைத் தூக்கிக்கொள்கிறாள்.